கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட நீர்வண்ண ஓவியம்

நாலு பக்கமும் டேப் ஒட்டி, கண்ணாடியோடு சேர்த்து ஃபிரேம் போட்ட நீர்வண்ண ஓவியம் நெளிந்து, ஒரு மூலை கண்ணாடியில் ஒட்டிவிட்டது என்கிறீர்கள். தயவுசெய்து அதைப் பிடித்து இழுக்காதீர்கள், வண்ணமும் கூடவே உரிந்து வரும். காகித ஓவியங்களைச் சீர்செய்யத் தெரிந்தவரிடம் ஃபிரேமோடு கொடுங்கள்.

நெளிவுக்கு டேப்தான் காரணம். ஈரக்காற்றில் காகிதம் விரியும், காய்ந்தால் சுருங்கும். அதற்கு இடம் வேண்டுமே! மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில், மெல்லிய, ஆனால் உறுதியான ஜப்பானியக் காகிதத் துண்டுகளைக் கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டி, படத்தைப் பின்னட்டையில் தொங்கவிடுங்கள். கண்ணாடி படத்தில் படாதபடி இடையில் அமிலமில்லாத மவுண்ட் அட்டை (படம் தெரிய நடுவில் ஜன்னல்போல வெட்டிய அட்டை) கட்டாயம். மவுண்ட் இல்லாமல் மாட்டினால்தான் அழகு என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். இரண்டு படங்கள் போன பிறகு விட்டுவிட்டேன். அப்புறம், வெயில் நேராக விழும் சுவர் வேண்டாம்.