அப்பா மாத்திரையெல்லாம் சரியாகத்தான் சாப்பிடுகிறார், ஆனாலும் சர்க்கரை குறையவில்லை. மனசுக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தம் உண்டா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். அப்பாவுக்கு 68 வயது, பதினைந்து வருஷமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர். மாத்திரையும் இன்சுலினும் நேரத்துக்குப் போகின்றன, இனிப்பைத் தொடுவதில்லை, ஆனாலும் அளவு இறங்கவில்லை. கொஞ்ச நாளாக யாரோடும் பேசுவதில்லை, கேட்டால் எரிந்து விழுகிறார். எனக்கு முன்னால் பதில் எழுதியவர்களில் பாதிப் பேர் வெந்தயத்தையும் பாகற்காயையும் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒருவர் அப்பாவை பாசிட்டிவாக இருக்கச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பாசிட்டிவைப் படித்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மற்றவர்கள் எல்லாம் மகன் இடத்தில் இருந்து பேசுகிறார்கள். நான் அந்த அப்பாவின் இடத்தில் இருப்பவன். எனக்கு 71 வயது. மின்வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து, வயர்மேன், லைன் இன்ஸ்பெக்டர் என்று ஏறி, போர்மேனாக 2011இல் ஓய்வு பெற்றேன். ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம்.

எனக்குச் சர்க்கரை 2006இல் வந்தது. வந்த புதிதில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு கம்பம் ஏறிக்கொண்டுதான் இருந்தேன். 2018இல் வலது கால் கட்டை விரலில் செருப்பு கடித்துப் புண்ணானது. வலி தெரியவில்லை, அதனால் பத்து நாள் பார்க்கவும் இல்லை. மதுரைக்குப் போனோம், விரலை எடுத்துவிட்டார்கள். வந்து பார்த்தவர்கள் எல்லாரும் "விரலோட போச்சே, கால் தப்பிச்சதே" என்றார்கள். நியாயமான பேச்சுதான். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

ஆனால் கட்டை விரல் இல்லாமல் ஏணிப் படியில் பாதம் நிற்காது. இது ஏறினவனுக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறு வாரம் மகன் சென்னையிலிருந்து வந்தான். வீட்டில் இருந்த என் ஏணியை மாடி அறையில் வைத்துப் பூட்டி, சாவியை அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். அவன் மேல் தப்பில்லை. அப்புறம் ஒருநாள் ட்யூப்லைட் எரியவில்லை என்று எங்க வீட்டம்மா 250 ரூபாய் கொடுத்து ஒரு பையனைக் கூட்டி வந்தாள். அவன் மெயினை அணைக்காமல் ஸ்டூலில் ஏறினான். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "தம்பி, மெயினை ஆஃப் பண்ணு" என்று சொல்லக்கூடத் தோன்றவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அப்போது அப்படி ஒன்றும் தெரியாது.

சாயங்காலம் ஓய்வு பெற்ற ஆட்கள் நாலைந்து பேர் டீக்கடையில் கூடுவோம். அதற்குப் போவது நின்றது. வண்டி ஓட்ட முடியாது என்று காரணம் சொன்னேன், கடை நடந்து போகும் தூரம்தான். காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், பிறகு விடியும் வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது. வயிறு எரிகிறது, தலை கிறுகிறு என்கிறது, நெஞ்சில் வாயு அடைக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எண்டோஸ்கோப்பி, ஸ்கேன், எக்கோ எல்லாம் எடுத்தார்கள். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. கவலையாக இருக்கிறது என்று ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை. பொய் சொல்லவேண்டும் என்றில்லை, எங்கள் ஆட்களுக்கு மனசு வலித்தால் வாயில் வயிறு வலி என்றுதான் வரும். எடை ஏழு கிலோ குறைந்தது. சர்க்கரைக்காரர் மெலிவது சகஜம் என்று விட்டுவிட்டார்கள்.

இனி எழுதப்போவதை என் பிள்ளைகளுக்கே போன வருஷம்தான் சொன்னேன். அப்போது எனக்கு இன்சுலின் பேனா, அதாவது அளவைத் திருகி வைத்துப் போடும் பேனா மாதிரி ஊசி, கொடுத்திருந்தார்கள். காலையில் 14 யூனிட். திருகும்போது டிக் டிக் என்று சத்தம் வரும், அது சமையலறை வரைக்கும் கேட்கும். வீட்டம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் இட்லியை இறக்குவாள். நான் சத்தத்தை வர வைத்துவிட்டு மருந்தை வாஷ்பேசினில் அழுத்திவிடுவேன். தினமும் இல்லை, வாரத்தில் மூன்று நாலு நாள். ஏன் என்று கேட்டால், சாக வேண்டும் என்று நினைத்ததாகச் சொல்ல முடியாது. என்னத்துக்கு என்று இருந்தது, அவ்வளவுதான். அந்த "என்னத்துக்கு"தான் வியாதி என்று அப்புறம் தெரிந்தது.

சுகர் நோட்டு ஒன்று வைத்திருந்தேன். அதில் 112, 118, 109 என்று அழகழகாக எழுதி வைத்தேன். முப்பத்து சொச்சம் வருஷம் வாரியத்தில் லாக் புத்தகம் எழுதின கை.

2019இல் எங்கள் வழக்கமான டாக்டர் ஊரில் இல்லை. அவர் இடத்தில் ஒரு இளவயது லேடி டாக்டர் உட்கார்ந்திருந்தார். என் மகளைவிடச் சின்னவர். நோட்டைப் பார்த்தார், எச்பிஏ1சி ரிப்போர்ட்டைப் பார்த்தார். 10.8, ஏழு பக்கத்தில் இருக்க வேண்டியது. நோட்டை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எச்பிஏ1சி என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்தது. விரலைக் குத்திப் பார்ப்பது வோல்ட் மீட்டர் மாதிரி, அந்த நிமிஷத்தில் என்ன இருக்கிறதோ அதைக் காட்டும். எச்பிஏ1சி வீட்டு வாசலில் ஓடுகிற மீட்டர். ஏறக்குறைய மூன்று மாதக் கணக்கு அதில் ஏறியிருக்கும். அதில் கைவைக்க முடியாது.

அவர் திட்டவில்லை. "ஐயா, காலைல எந்திரிச்சதும் இன்னைக்கு இதச் செய்யணும்னு ஏதாச்சும் தோணுதா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் சர்க்கரைக்கு வந்தேன், இந்தம்மா என்ன ஜோசியம் கேட்கிறது என்று நினைத்தேன். விடாமல் ஒரு தாளை எடுத்து, ஆமாம் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்று 15 கேள்வி கேட்டார். முதியவர்களுக்கென்றே இருக்கிற மனச்சோர்வுக் கேள்வித்தாள் அது. ஐந்துக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்று அர்த்தமாம். எனக்கு 11 வந்தது. வீட்டம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "இன்சுலின் போடுறீங்களா?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன்.

சம்பந்தம் உண்டா என்று கேட்டீர்களே, அதற்கு அவர் சொன்னதை என் பாஷையில் தருகிறேன். மனசு ஓயாமல் அழுத்தத்தில் இருந்தால் உடம்பு கார்டிசால் என்ற ஹார்மோனை விட்டுக்கொண்டே இருக்கும். அது கல்லீரலில் இருக்கிற சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும், இன்சுலின் வேலை செய்வதையும் கெடுக்கும். தூக்கமில்லாவிட்டாலும் அதே கதை. எதிர்ப்பக்கமும் உண்டு. சர்க்கரை ஏறினால் ராத்திரி நாலு தடவை எழுந்து ஒன்றுக்குப் போக வேண்டும், கால் எரியும், உடம்பு அசந்துபோகும், அதில் மனசும் விழும். இதற்கெல்லாம் மேலே, மனசு விழுந்தவன் மருந்தை ஒழுங்காகப் போடமாட்டான். நானே சாட்சி. சர்க்கரை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு என்று அன்றைக்கு அவர் சொன்னார். இதயத்துக்கும் இதே கணக்குதான். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் மனச்சோர்வு உள்ளவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் அதிகம் இறந்தார்கள் என்று கனடாவில் மாண்ட்ரியல் நகரத்தில் 222 பேரைப் பார்த்து 1993இலேயே எழுதிவிட்டார்கள். இது என் மகள் தேடிக் கொடுத்தது.

அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது என்று கேட்க ஒருவர் வருவார், அவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தாத்தா உழவு மாட்டை விற்ற மறுநாள் திண்ணையில் படுத்தவர். வியாதி என்று ஒன்றும் பெரிதாக இல்லை, ஆறு மாதத்தில் போய்விட்டார். ஊரில் "மனசு விட்டுட்டாரு" என்றார்கள். பேர் இருந்தது, மருந்துதான் இல்லை.

அந்த டாக்டர் எடுத்தவுடன் மனசுக்கு மாத்திரை எழுதவில்லை. தைராய்டு, பி12, சோடியம் மூன்றையும் பார்க்கச் சொன்னார். பி12 அடிமட்டத்தில் இருந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம், நான் பதின்மூன்று வருஷமாகச் சாப்பிடுகிறேன். பி12 குறைந்தாலே அசதி, கால் மதமதப்பு, மனச்சோர்வு எல்லாம் வரும். ஊசி போட்டார்கள். மனசுக்கான மாத்திரையைக் குறைந்த அளவில் ஆரம்பித்தார்கள். பிரஷருக்கு நீர் பிரிக்கும் மாத்திரையும் நான் எடுத்துக்கொண்டிருந்ததால், இரண்டும் சேர்ந்து சோடியத்தை இறக்கிவிடும், வயசானவர்கள் குழம்பிப்போய் விழுந்துவிடுவார்கள் என்று இரண்டு வாரத்தில் மறுபடியும் ரத்தம் பார்த்தார்கள். முதல் வாரம் குமட்டல். ஒரு மாதம் வரை ஒன்றும் தெரியவில்லை. அதற்கப்புறம் ஒருநாள் விழித்துப் பார்த்தால் மணி ஐந்தரை.

நான் டாக்டர் இல்லை. என் கதையை வைத்து உங்கள் அப்பாவுக்கு எந்த மாத்திரையையும் நீங்களாக முடிவு பண்ணாதீர்கள். "மனசுக்கு மாத்திரை போட்டால் அடிமையாகிவிடுவார்" என்று கீழே கமெண்ட் வரும், அதுவும் எனக்குத் தெரியும். எனக்குக் கொடுத்தது தூக்க மாத்திரை வகை இல்லை. ஒன்றரை வருஷம் சாப்பிட்டேன், டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். திடீரென்று நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். யோகாவும் நடையும் போதும் என்பவர்களுக்கும் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே மனசில்லாதவனிடம் போய் நட நட என்றால் எப்படி நடப்பான்?

இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. கோயம்புத்தூரில் ஒரு சொந்தக்காரக் கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தோம். பஃபே. பந்தி என்றால் உட்கார வைத்து இலை போட்டுப் பரிமாறுவார்கள், வயசானவனுக்கு ஒரு மரியாதை. இங்கே தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும், நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். கட்டை விரல் இல்லாத காலோடு நான் எத்தனை நேரம் நிற்பேன்? அத்தனை பெரிய மண்டபத்தில் சாப்பிடும் இடத்தில் நாற்காலி பத்துகூட இல்லை. அதற்கு முன்னால் மேடையில் போட்டோ எடுக்க முக்கால் மணி நேரம் வரிசை. லட்சக்கணக்கில் அலங்காரம் பண்ணுகிறவர்கள் பெரியவர்களுக்கு ஒரு பெஞ்சு போடக் கூடாதா? இதில் தூரத்துச் சொந்தம் ஒருத்தர் வந்து, "மாமா, உங்களுக்கு ஆகாது" என்று என் தட்டிலிருந்த ஜாங்கிரியை எடுத்துக்கொண்டு போனார். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அதைத் தின்றிருக்கவே மாட்டேன். பரிமாறுகிறவன் வைத்துவிட்டான், ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தேன்.

அந்த ஜாங்கிரி மாதிரிதான் வீட்டிலும் நடந்துகொண்டிருந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். என் மகள் போன் பண்ணினால் முதல் வார்த்தையே "சுகர் எவ்வளவுப்பா?" தான். மகன் நடந்தேனா என்பான். வீட்டம்மா டப்பாவில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று கோடு போட்டு வைத்திருந்தாள். எல்லாம் பாசம்தான், ஆனால் நான் ஒரு ரீடிங் ஆகிவிட்டேன். டாக்டர் பிள்ளைகளைக் கூப்பிட்டு, போனில் முதல் பத்து நிமிஷம் சர்க்கரைப் பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் போன் பண்ணி என்ன பேசுவது என்று தெரியாமல் திணறினாள். கடைசியில், அவள் வீட்டு மிக்சியில் பொறி பறக்கிறது என்றாள். கார்பன் தேய்ந்திருக்கும், என்ன மாடல் என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினோம். பொங்கலுக்கு வரும்போது மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மிக்சி வேலைக்கு ஏணி வேண்டாம். உட்கார்ந்த இடத்தில் பார்க்கலாம். அப்புறம் தெருவில் ஒரு டேபிள் ஃபேன், ஒரு அயர்ன் பாக்ஸ் என்று வந்தன. காசு வாங்குவதில்லை, சாமான் விலை மட்டும். இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். 2020 ஊரடங்கில் மறுபடியும் சரிந்தேன், டீக்கடைக் கூட்டத்தில் இரண்டு பேர் போய்விட்டார்கள். இப்போது எச்பிஏ1சி 7.8. ஏழுக்குக் கீழே வரவில்லை. இந்த வயசுக்கு இது போதும், தாழ்ந்து மயக்கம் போட்டு விழாமல் இருந்தால் சரி என்கிறார்கள்.

நம் நாட்டிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். சர்க்கரையும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரைச் சென்னை உட்பட நாலு இடத்து சர்க்கரை ஆஸ்பத்திரிகளில் எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு மட்டும் தனியாக ஒரு ஆளைப் போட்டு, விசாரித்து, இரண்டையும் சேர்த்துக் கவனித்தார்கள். இரண்டு வருஷ முடிவில் அவர்கள்தான் மற்றவர்களைவிடத் தேறியிருந்தார்கள். 2020இல் முடிவு வந்தது. விசாரித்த அந்த ஆள் டாக்டர் இல்லை. அப்படி விசாரிக்க டாக்டர்தான் வேண்டும் என்றில்லை. எங்கள் தெருவுக்கு அரசாங்கத்தின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண் பிரஷர் பார்த்துவிட்டு, "தூங்குனீங்களா ஐயா" என்று கேட்டுவிட்டுத்தான் போகும். அது பாட்டுக்குக் கேட்கிற கேள்விதான்.

உங்கள் ஊரில் மனநல டாக்டர் இல்லாவிட்டால் 14416க்குப் போன் பண்ணுங்கள். டெலி மானஸ், அரசாங்கத்துடையது, காசு இல்லை, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அப்பா பேச மாட்டேன் என்றால் நீங்கள் பேசுங்கள். செத்தால் தேவலை என்ற மாதிரி அவர் வாயில் வந்தால் தள்ளிப்போடாமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டரிடம் பி12, தைராய்டு, சோடியம் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.

இன்னொன்று. அவர் தூங்கும்போது அந்தச் சுகர் நோட்டை எடுத்துப் பாருங்கள். உண்மையாக எழுதுகிறவன் நோட்டில் ஒருநாள் நீல மை இருக்கும், ஒருநாள் பென்சில் இருக்கும், நடுவில் ஒரு 240 இருக்கும், ஒரு டீக்கறை இருக்கும். எல்லாம் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், 110க்கும் 120க்கும் நடுவிலேயே இருந்தால் அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.