கண்ணுக்குள் சிப்: நெல்லைப் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

பாளையங்கோட்டையில் கண் பரிசோதகராக வேலை பார்க்கிறேன். விழித்திரையை மின்சாரத்தால் தூண்டிப் பார்வை தருவது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

அண்ணாச்சி, தம்பிக்கு ஆர்.பி. முதலில் மாலைக்கண், இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. கரண்ட் கொடுத்தால் எப்படிப் பார்வை வரும்? (அம்பாசமுத்திரம்)

ஆர்.பி. என்பது ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா, விழித்திரை மெல்ல மெல்லக் கெடும் பரம்பரை நோய். அதில் சாவது வெளிச்சத்தை உணரும் செல்கள். அடுத்த அடுக்குகளில் இருக்கும் நரம்புச் செல்கள் ஓரளவு பிழைத்திருக்கும், மின்துடிப்பு பட்டால் மூளைக்குச் செய்தி அனுப்பும். அமெரிக்காவில் 2013-ல் அனுமதி பெற்ற ஆர்கஸ் 2 என்ற கருவி இதை நம்பித்தான் செய்யப்பட்டது. மூக்குக் கண்ணாடியில் கேமரா, இடுப்பில் ஒரு சின்னக் கருவி, விழித்திரை மேல் 60 மின்முனைகள். ஒரு மின்முனை தூண்டினால் ஓர் ஒளிப்புள்ளி. கோயில் கொடைக்கு சீரியல் பல்பில் சாமி உருவம் காட்டுவார்களே, அதில் 60 பல்பு மட்டும் எரிவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வாசல் தெரியும், எதிரே ஆள் நிற்பது தெரியும். முகம் தெரியாது.

கரண்டைக் கூட்டினால் தெளிவாகத் தெரியாதா? கண் வெந்துவிடுமா? (வள்ளியூர்)

கூட்டினால் புள்ளி பிரகாசமாகும், கூடவே பரவும். பக்கத்தில் ஓடும் நரம்பு இழையையும் தூண்டிவிடுவதால் புள்ளி கோடாக இழுபட்டும் தெரியும். விடாமல் தூண்டினால் சில நொடிகளில் மங்கிவிடும். பாதுகாப்புக்காக ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் எதிர்த்திசையில் அதே அளவு துடிப்பு கொடுப்பார்கள். மின்னூட்டம் தேங்கினால் மின்முனை அரிக்கும், திசுவும் கெடும்.

வாப்பாவுக்குக் கண் அழுத்தத்தில் பார்வை போனது. இது உதவுமா? (மேலப்பாளையம்)

உதவாது. அதில் கெடுவது மூளைக்குப் போகும் கண் நரம்பே. விழித்திரையில் என்ன தூண்டினாலும் செய்தி போய்ச் சேராது.

வயலை விற்றாவது வெளிநாட்டில் வைத்துவிடலாமா? (சங்கரன்கோவில்)

தயவுசெய்து விற்காதீர்கள். ஆர்கஸ் 2 தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டது. உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். கருவி பழுதானபோது பாகம் கிடைக்காமல் தவித்தவர்கள் அவர்களில் உண்டு. எனக்கு மனசு ஆறாத விஷயம் இது. கண்ணுக்குள் ஒரு பொருளை வைப்பவர்கள், பத்து வருஷம் கழித்து யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். எந்தக் கருவி வந்தாலும் முதலில் அதைக் கேளுங்கள்.

நம்பிக்கை தரும் செய்தியும் இருக்கிறது. பிரிமா என்ற சிப் 2 மில்லிமீட்டர் சதுரம்தான், உள்ளே வயர் கிடையாது. கண்ணாடியிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளியே அதற்குப் படமும் மின்சாரமும். 2025-ல் வெளியான ஆய்வில், ஓராண்டு கழித்துச் சோதித்த 32 பேரில் 26 பேரால் முன்பைவிட நன்றாக எழுத்துகளைப் படிக்க முடிந்தது. ஆனால் அவர்கள் வயோதிகத்தில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தவர்கள், ஆர்.பி. நோயாளிகள் அல்ல.

நானும் வீட்டுக்காரரும் அத்தை மகன், மாமன் மகள். மூத்தவனுக்கு ஆர்.பி. இளையவளுக்கும் பார்க்கணுமா? (தென்காசி)

கட்டாயம் பார்க்கணும் தங்கச்சி, அவளுக்கு இருட்டில் தடுமாற்றம் இல்லாவிட்டாலும். சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் இந்த நோய் கூடுதலாக வருகிறது. அப்பா அம்மா இரண்டு பேரிடமும் மறைந்திருக்கும் மரபணுக் கோளாறாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மூத்தவனுக்கு மரபணுச் சோதனையும் செய்யுங்கள். ஆர்.பி.ஈ.65 என்ற மரபணுவில் கோளாறு இருப்பவர்களுக்கு 2017-ல் அமெரிக்காவில் மரபணு சிகிச்சை அனுமதிக்கப்பட்டது, அதுவும் செல்கள் உயிரோடு இருக்கும்போதே செய்தால்தான் பலன். அதற்கிடையில் அவனுக்கு வெள்ளைக்கோல் பயிற்சியும் போனில் திரைவாசிப்பானும் இப்போதே பழக்குங்கள். படிப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.