முடிவு வந்தும் நோய் நிற்கவில்லையே? பன்றி வளர்ப்போர் கேள்வி–பதில்

பன்றிகளின் பாக்டீரியா நோய்களைக் கண்டறிவது பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, எங்கள் பண்ணையில் பிறந்த மூன்றாம் நாளே குட்டிகளுக்குத் தண்ணீராகக் கழிச்சல். ஸ்வாப் (பஞ்சுக்குச்சியில் மல மாதிரி) எடுத்து அனுப்பினோம். ‘ஈ.கோலை வளர்ந்தது’ என்று எழுதி, எந்த மருந்து கேட்கும் என்ற பட்டியலும் கொடுத்தார்கள். அதே மருந்தைப் போட்டும் குறையவில்லை. ஆய்வக முடிவு தப்பா? (நாமக்கல் மாவட்டம்)

பதில்: முடிவு தப்பில்லை. ஆனால் அதில் உங்களுக்கு வேண்டிய விடையும் இல்லை. துள்ளி விளையாடும் குட்டியின் மலத்தை அனுப்பியிருந்தாலும் ஈ.கோலை வளர்ந்துதான் இருக்கும். அது குடலில் குடியிருக்கும் கிருமி. நோய் உண்டாக்கும் ஈ.கோலைக்கு இரண்டு ஆயுதங்கள் வேண்டும். ஒன்று, குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும் மயிரிழைகள், அதாவது ஒட்டிழைகள். பால் குடிக்கும் குட்டியில் எஃப்4, எஃப்5, எஃப்6, எஃப்41 ஆகியவையும், பால் பிரித்த குட்டியில் எஃப்4, எஃப்18 ஆகியவையும் முக்கியம். மற்றொன்று, உடம்பிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கும் நச்சு. இந்த இரண்டுக்குமான மரபணுக்கள் இருக்கின்றனவா என்று பிசிஆர் (மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்து பார்த்தால்தான் ‘இந்த ஈ.கோலைதான் குற்றவாளி’ என்று சொல்ல முடியும். அடுத்த முறை மாதிரியோடு ‘ஒட்டிழை, நச்சு மரபணுக்களுக்கும் சோதிக்கவும்’ என்று எழுதிக் கொடுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் செய்யமாட்டார்கள்.

அதற்கு முன் குட்டியின் வயதைப் பாருங்கள். முதல் நான்கு நாளில் மஞ்சள் தண்ணீராகப் போனால் ஈ.கோலைமேல் சந்தேகம் வலுக்கும். முதல் மூன்று நாளில் மலம் ரத்தமாகி, நேற்று நன்றாக இருந்த குட்டி இன்று செத்துக் கிடந்தால் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் சி வகை பாக்டீரியா. அறுத்துப் பார்த்தால் சிறுகுடலின் நடுப்பகுதி கருஞ்சிவப்பாக, சுவரில் காற்றுக் குமிழ்களோடு இருக்கும். ஏழு நாளுக்கு மேல், பசை போன்ற கழிச்சல், எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேட்கவில்லை என்றால் அது பாக்டீரியாவே அல்ல, காக்சிடியா ஒட்டுண்ணியாக இருக்கலாம். ரோட்டா வைரஸையும் மறக்கக் கூடாது.

பண்ணையிலேயே செய்யக்கூடிய சின்னச் சோதனை ஒன்று உண்டு. பி.எச். தாள் (அமிலமா காரமா என்று நிறத்தில் காட்டுவது) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தரையில் கிடக்கும் மலம் வேண்டாம், சிறுநீர் கலந்திருக்கும். குட்டியின் ஆசனவாயில் வரும் புது மலத்தில் தாளைத் தொடுங்கள். 8-க்கு மேல் காட்டினால் ஈ.கோலை நச்சுக் கழிச்சல் பக்கம் சாயலாம். 7-க்குக் கீழே போனால் வைரஸ் அல்லது காக்சிடியா. குடல் சுவர் சிதைந்து பால் செரிக்காமல் புளிப்பதால்தான் அமிலம். இது வெறும் துப்புதான். இதை நம்பி மருந்து வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: ஆய்வகம் எங்கள் ஊரிலிருந்து 120 கி.மீ. பஸ்ஸில் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். எதை, எப்படி அனுப்புவது? போன முறை ‘மாதிரி கெட்டுவிட்டது’ என்று திருப்பிவிட்டார்கள். (தர்மபுரி மாவட்டம்)

பதில்: எந்தப் பன்றி என்பதில் தொடங்குவோம். பலரும் ஒரு வாரமாக வாடி, மூன்று மருந்து போட்டுத் தீர்ந்து, சாகக் கிடப்பதைத்தான் அனுப்புகிறார்கள். அதில் மூலக்கிருமி மறைந்து, பின்னால் வந்தவை மட்டும் மிஞ்சியிருக்கும். இன்று நோய் தொடங்கிய, இன்னும் ஆன்டிபயாட்டிக் ஏறாத 3 முதல் 5 பன்றிகளிலிருந்து எடுங்கள். மருந்து போட்டாகிவிட்டதா? என்ன மருந்து, எப்போது போட்டது என்று எழுதி அனுப்புங்கள். மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

மலம் என்றால் ஸ்வாப் நுனியில் ஒட்டியது போதாது. மூடி திருகும் டப்பாவில் 10 கிராம் வேண்டும். சால்மோனெல்லா சந்தேகம் இருந்தால் 25 கிராம். டப்பாவை முழுதாக நிரப்பாதீர்கள், வாயு கட்டி மூடி தெறிக்கும். செத்த குட்டியிலிருந்து குடல் எடுத்தால் இரண்டு முனையையும் நூலால் கட்டி 10 செ.மீ. துண்டுகளாக வெட்டி, தனி ஜிப் கவரில் போடுங்கள். நுரையீரல், ஈரல், மண்ணீரல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கவர். எல்லாவற்றையும் ஒரே கவரில் திணித்தால் குடல் கிருமி நுரையீரலில் ஏறிவிடும். பிறகு நுரையீரலில் ஈ.கோலை என்று முடிவு வரும், அதற்கும் மருந்து எழுதுவார்கள்.

தெர்மோகோல் பெட்டியில் உறைந்த ஐஸ் பேக், மேலே நாலைந்து மடிப்பு செய்தித்தாள், அதன்மேல் மாதிரி. தேவை 4 டிகிரி குளிர்ச்சிதான். கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு)ப் போகும் மாதிரியை ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்தால் பல கிருமிகள் செத்துவிடும். வெறும் ஐஸ் கட்டியும் வேண்டாம், உருகிய தண்ணீர் கவருக்குள் இறங்கும். வெள்ளிக்கிழமை மாலை பஸ் ஏற்றாதீர்கள். ஞாயிறு முழுக்க அது ஏதாவது ஒரு மேசைக்கடியில் கிடக்கும்.

திசுவை அழுகாமல் காத்து நுண்ணோக்கியில் பார்க்க, அதே உறுப்பிலிருந்து இன்னொரு துண்டு ஃபார்மலினில் போக வேண்டும். கடையில் வாங்கும் ஃபார்மலின் 100 மி.லி., தண்ணீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் கலக்குங்கள். திசு ஒரு செ.மீ. தடிமனைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மருந்து உள்ளே போவதற்குள் நடு அழுகிவிடும். திசுவைப் போல் பத்து மடங்கு கரைசல் இருக்கட்டும். ஐஸ் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். கல்ச்சர் மாதிரிக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள், கசிந்தால் கிருமி போய்விடும். லேபிளைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஃபார்மலினில் கரையும்.

பன்றி செத்து நேரமாகிவிட்டால் குடல், ஈரல் எல்லாம் வீண். நம் வெயிலில் சில மணி நேரத்திலேயே குடல் கிருமிகள் உடம்பெங்கும் பரவும். அப்போது தொடை எலும்பை உடைக்காமல், மேல்சதையை மட்டும் வழித்து அப்படியே அனுப்பலாம். மஜ்ஜைக்குள் கடைசியாகத்தான் அழுகல் போகும். பாஸ்சரெல்லா போல ரத்தத்தில் பரவிய கிருமி இருந்தால் அங்கே கிடைக்கும்.

கேள்வி: காலையில் கொட்டகைக்குப் போனால் ஒன்று செத்துக் கிடக்கிறது. மூக்கில் ரத்தம், தொண்டை வீங்கியிருக்கிறது. அறுத்துப் பார்க்கலாமா? (திருவள்ளூர் மாவட்டம்)

பதில்: கத்தியைத் தொடாதீர்கள். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருந்தால், உடல் திறந்து காற்றுப் பட்டதும் கிருமி வித்தாகி, அந்த மண்ணில் பல வருடம் இருக்கும். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மாட்டில் காது ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்க்கும் ரத்தப் பூச்சே போதும். பன்றியில் நோய் பெரும்பாலும் தொண்டையோடு நிற்பதால் ரத்தப் பூச்சில் கிருமி தெரியாமல் போகலாம். கழுத்து வீக்கத்து நீரை ஊசியில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உடம்பெல்லாம் சிவந்து, காய்ச்சலோடு வரிசையாகச் சாகின்றனவா? பாக்டீரியா சோதனைக்கு முன் பன்றிக்காய்ச்சலும் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலும் இல்லை என்று உறுதியாக வேண்டும். பின்னது இந்தியாவுக்குள் வந்தது 2020-இல். அதற்கு, ரத்தம் உறையாமல் வைக்கும் இ.டி.டி.ஏ. குழாயில் ரத்தம் எடுப்பார்கள். முடிவு வரும்வரை ஒரு பன்றியும் பண்ணையை விட்டு வெளியே போகக் கூடாது, ‘விலை போகும்போதே தள்ளிவிடலாம்’ என்ற யோசனையும் கூடாது.

கேள்வி: பால் பிரித்த குட்டிகள் திடீரென்று விழுந்து, நீச்சலடிப்பது போலக் காலை உதைக்கின்றன. மூக்கு ஸ்வாபில் ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ்’ என்று வந்தது. அதுதான் காரணமா? (கோயம்புத்தூர்)

பதில்: இருக்கலாம். ஆனால் மூக்கு ஸ்வாபை வைத்துச் சொல்ல முடியாது. ஆரோக்கியமான பன்றியின் டான்சிலிலும் மூக்கிலும் அது இருக்கும். மூளையுறையிலோ வீங்கிய மூட்டிலோ கிடைத்தால்தான் செல்லும். செத்த குட்டியின் மண்டையைத் திறந்து மூளையுறையில் ஸ்வாப் தேய்க்க வேண்டும். ரத்த அகரில் (ரத்தம் கலந்த வளர்ப்புத் தட்டில்) 24 மணி நேரத்தில், சுற்றிலும் பச்சை நிற வளையத்தோடு சின்னக் காலனிகள் வரும். கிராம் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டிரண்டாகவும் குட்டைச் சங்கிலியாகவும் ஊதா உருண்டைகள் தெரியும். இந்தக் கிருமியின் பல வகைகளில் வகை 2 முக்கியமானது. வழக்கமான பிசிஆர் வகை 2-ஐயும் 1/2-ஐயும் பிரித்துக் காட்டாது, சீரம் சோதனையும் (எதிர்ப்பொருளைக் கொண்டு வகை பிரிப்பது) வேண்டும்.

அதற்கெல்லாம் முன் தண்ணீர் நிப்பிளை அழுத்திப் பாருங்கள். அடைத்துக்கொண்டு ஒன்றிரண்டு நாள் தண்ணீர் கிடைக்காமல் போனால் உப்பு நச்சாகி, இதே வலிப்புதான் வரும். கண் இமை வீங்கியிருந்தால் ஈ.கோலையால் வரும் நீர்க்கோவை நோயையும் நினைக்க வேண்டும்.

மண்டையைத் திறப்பவர் கையுறையும் கண்ணாடியும் போடட்டும். இந்தக் கிருமி மனிதருக்கும் மூளைக்காய்ச்சல் தரும், பிழைத்தவர்களில் பலருக்குக் காது போய்விடும். சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் 2005-இல் 200-க்கும் அதிகமானோருக்கு இது வந்தது. செத்த, நோயுற்ற பன்றியை அறுத்தவர்களே பெரும்பாலும் மாட்டினார்கள்.

கேள்வி: சிறிய ஆய்வகம் ஒன்றில் தொழில்நுட்பராக இருக்கிறேன். பன்றி நுரையீரல் கண்ணுக்கே கெட்டுத் தெரிகிறது. ரத்த அகரிலும் மெக்கான்கி அகரிலும் போட்டால் ‘வளர்ச்சி இல்லை’. எங்கே தவறுகிறது? (ஓசூர்)

பதில்: ரத்த அகர் மட்டும் போதாத கிருமிகள் இவை. ஆக்டினோபேசிலஸ் புளூரோநிமோனியே, கிளாசரெல்லா பாராசூயிஸ் (2020 வரை ஹீமோஃபிலஸ் என்று இருந்தது) இரண்டுக்கும் வளர என்.ஏ.டி. என்ற பொருள் வேண்டும். சாதா ரத்த அகரில் அது சிவப்பணுவுக்குள்ளேயே அடைபட்டிருக்கும். வழி எளிது. மாதிரியைத் தட்டு முழுக்கத் தேய்த்துவிட்டு, நடுவே, என்.ஏ.டி.-யை வெளிவிடும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸை ஒரே கோடாக இழுங்கள். மெழுகுவர்த்தி ஜாடியில் 37 டிகிரி, 24 முதல் 48 மணி. கோட்டின் ஓரத்தில் மட்டும் பனித்துளி போன்ற காலனிகள் வந்து, தள்ளிப் போகப் போக மறைந்தால் என்.ஏ.டி. கேட்கும் கிருமி கிடைத்துவிட்டது. சாக்லேட் அகர் (ரத்தத்தைச் சூடாக்கிச் செய்தது) இருந்தால் அதுவும் ஆகும்.

பிறகு யூரியேஸ் (யூரியாவை உடைக்கும் நொதி) பாருங்கள். ஆக்டினோபேசிலஸ் புளூரோநிமோனியேவில் யூரியா குழம்பு சீக்கிரமே ரோஜா நிறமாகும், பாராசூயிஸில் மாறாது. ஆனால் தொண்டையில் சும்மா இருக்கும் ஆக்டினோபேசிலஸ் மைனரும் என்.ஏ.டி. கேட்கும், யூரியேஸும் காட்டும். அதனால் ஏபெக்ஸ்-4 நச்சு மரபணு பிசிஆர் செய்து உறுதிப்படுத்துங்கள். அது புளூரோநிமோனியேவுக்கே உரியது.

பாராசூயிஸைப் பொறுத்தவரை நுரையீரலே தப்பான இடம். இதய உறை, மூட்டு, வயிற்று உறை ஆகியவற்றில் படிந்த வெள்ளைப் படலத்தில் ஸ்வாப் எடுத்து, உலர்ந்த குழாயில் போடாமல் ஈரம் காக்கும் ஏமிஸ் ஊடகத்தில் குத்தி, குளிரில் வைத்து அன்றைக்கே சேர்க்கச் சொல்லுங்கள். உலர்ந்தால் செத்துவிடும்.

நுரையீரலின் முன்மடல்கள் ஊதா கலந்த சாம்பல் நிறத்தில், கெட்டிச் சதையாக இருந்தால் மைக்கோபிளாஸ்மா ஹையோநிமோனியே. அதற்குச் செல்சுவரே கிடையாது, கிராம் சாயத்தில் தெரியாது, பெனிசிலினுக்கும் மசியாது. வளர்க்க வாரக்கணக்காகும். நேராகப் பிசிஆருக்கு அனுப்புங்கள். உயிருள்ள பன்றியில் மூக்கைவிடக் குரல்வளை அல்லது மூச்சுக்குழல் ஸ்வாபில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி: சால்மோனெல்லா சோதனைக்கு ஐந்து நாள் என்கிறார்கள். இழுத்தடிக்கிறார்களா? (மதுரை)

பதில்: இல்லை, அவ்வளவு ஆகும். 25 கிராம் மலம் 225 மி.லி. பெப்டோன் நீரில் ஓர் இரவு 37 டிகிரியில் தேற வேண்டும். அடுத்த நாள், சால்மோனெல்லாவைப் பிரித்தெடுக்கும் எம்.எஸ்.ஆர்.வி. ஊடகத்தில் 41.5 டிகிரி. கிருமி அதில் நீந்திப் பரவும். மூன்றாம் நாள் எக்ஸ்.எல்.டி. தட்டு, சிவந்த காலனி நடுவே கறுப்புப் புள்ளி. அப்புறம் உயிர்வேதிச் சோதனை, சீரம் சோதனை. காது, மூக்கு நீலம் பாரித்துச் செத்த பன்றி என்றால் சால்மோனெல்லாவின் காலரேசூயிஸ் வகையை நினையுங்கள். அது மலத்தில் அரிதாகவே கிடைக்கும். மண்ணீரல், நுரையீரல், குடல் நிணநீர்க்கணுக்களை அனுப்புங்கள். செலினைட் குழம்பில் (கிருமி வளர்க்கும் திரவத்தில்) போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள், அது இந்த வகையை அடக்கிவிடும்.

கேள்வி: வளரும் பன்றிகளில் கழிச்சல். கல்ச்சரில் ஒன்றுமில்லை, ஆனால் பிசிஆரில் ‘லாசோனியா பாசிட்டிவ்’. எதை நம்புவது? (ஈரோடு)

பதில்: இரண்டும் சரி. லாசோனியா என்ற குடல் பாக்டீரியா செல்லுக்குள் மட்டுமே வாழும். எந்த அகர் தட்டிலும் வளராது. ஆனால் நலமாயிருக்கும் பன்றியிலும் கொஞ்சம் இருக்கும் என்பதால் ‘பாசிட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல் போதாது. சி.டி. எண்ணை (பிசிஆரில் எத்தனையாவது சுற்றில் கிருமி தெரிந்தது என்பதை)க் கேளுங்கள். அது எவ்வளவு குறைவோ அவ்வளவு கிருமி அதிகம். செத்த பன்றியில் சிறுகுடலின் கடைப்பகுதி தோட்டக் குழாய் போலத் தடித்திருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. சளியும் ரத்தமும் கலந்து, பெருங்குடல் மட்டும் கெட்டிருந்தால் பிராக்கிஸ்பைரா என்ற பாக்டீரியாவுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். அதைக் காற்றில்லா ஜாடியில், ஸ்பெக்டினோமைசின் சேர்த்த ரத்த அகரில், 42 டிகிரியில், ஆறு நாள் வரை வைத்தால்தான் வளரும்.

கேள்வி: ‘மருந்து கேட்கும்’ என்று முடிவு வந்த ஜென்டாமைசின் ஊசி கழிச்சலுக்குக் கேட்கவில்லை. கொலிஸ்டின் கொடுக்கலாமா? (சேலம்)

பதில்: ஆய்வகத் தட்டில் மருந்தும் கிருமியும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. உடம்பில் அப்படியில்லை. ஊசியாகப் போட்ட ஜென்டாமைசின் சிறுநீரில்தான் பெரும்பாலும் வெளியேறும், குடலுக்குள் இருக்கும் ஈ.கோலையை எட்டாது. சோதனையிலும் பிழை வரலாம். மருந்துச் சோதனைக்கான முல்லர்–ஹின்டன் அகர் 4 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். மெல்லியதாக ஊற்றினால் மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் பெரிதாகி, கேட்காத மருந்தும் கேட்பதாகத் தெரியும். கிருமிக் கரைசல் 0.5 மெக்ஃபார்லாந்து (கிருமி அளவுக்கான அளவுகோல்) கலங்கலைவிட நீர்த்துப் போனாலும் அதே கதை. கொலிஸ்டின் வேண்டாம். உணவுக்கான விலங்குகளுக்கு அதைத் தயாரிப்பதும் விற்பதும் 2019 ஜூலையிலிருந்து நாட்டில் தடை. கையில் பழைய டப்பா இருந்தாலும் தொடாதீர்கள். குட்டிக்கு உப்பு–சர்க்கரைக் கரைசலும் சூடும் கொடுத்துவிட்டு, முதல் பதிலில் சொன்ன மரபணுச் சோதனைக்குப் புது மாதிரி அனுப்புங்கள்.