கப்பலில் தலையாட்டாதே, தம்பி

திசையன்விளைத் தம்பிக்கு,

நார்வேயில் பெர்கனுக்குக் கடல் ஆராய்ச்சிக்கு வருகிறாய். எத்தனை ஸ்வெட்டர் கொண்டுவர, வாடகை எவ்வளவு, நம்ம சாப்பாடு கிடைக்குமா, கப்பலில் தாக்குப்பிடிப்பேனா என்று கேட்டிருக்கிறாய். ஊர்ப்பையன் என்பதால் நீ என்றே எழுதுகிறேன்.

ஸ்வெட்டரை இங்கே வந்து வாங்கு. வருஷத்தில் 200 நாளுக்கு மேல் மழை; காற்றில் குடை நிற்காது, நல்ல மழைக்கோட்டு போதும். வாடகையை இப்போதே கேட்டு ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறாய், விடு. அரிசி, மிளகாய்த்தூள் எல்லாம் இலங்கைத் தமிழர் கடையில் கிடைக்கும். 80களில் வந்து, வடக்கே பின்மார்க் மீன் ஆலைகளில் மீன் வெட்டி நிமிர்ந்தவர்கள் நிறையப் பேர் அவர்களில் உண்டு. நம்மாட்கள் சிலரோ ஐந்து வருஷமாகியும் வாட்சப் குழுவிலேயே குடியிருந்துகொண்டு, நார்வேக்காரன் முகம் கொடுத்துப் பேசமாட்டான் என்று புலம்புவார்கள். அவன் பாஷையில் நூறு வார்த்தை படித்தாயா என்று கேட்டால் பதில் வராது. நான் மூன்றாம் வருஷமே சந்தையில் மீனுக்கு விலை பேசினேன்!

சரி, கப்பல். நான் உவரிக்காரன், சின்ன வயதிலேயே கட்டுமரம் ஏறியவன், எனக்கா வாந்தி வரும் என்று போனேன். முதல் ராத்திரியே வாளியும் கையுமாகக் கிடந்தேன். மாத்திரையை அலை தொடங்கும் முன்பே போட்டுக்கொள். அப்புறம் போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

வாந்தி மன்னிக்கப்படும். புரியாமல் தலையாட்டுவதுதான் ஆபத்து. சிடிடி என்பது கடலின் உப்பு, வெப்பம், ஆழம் அளக்கும் கருவி. அதைக் கம்பியில் கட்டி இறக்கும்போது சட்டத்தைச் சுற்றி 24 தண்ணீர்ப் பாட்டில்கள் இருக்கும். இருபக்க மூடியும் திறந்தே இறங்கும், வேண்டிய ஆழத்தில் சாத்திக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு பாட்டிலின் மேலேயும் ஒரு சின்னக் காற்றுத் திருகு உண்டு, அதை முன்னமே இறுக்க வேண்டும். "பார்த்தாச்சா?" என்று கேட்டார்கள். அந்த உச்சரிப்பு புரியாமல், நம்ம வழக்கப்படி தலையை ஆட்டிவிட்டேன். 3,000 மீட்டர் போய்த் திரும்ப மூன்று மணி நேரம். மேலே வந்தால் பத்துப் பன்னிரண்டு பாட்டிலில் திருகு தளர்ந்தே இருக்கிறது. ஆக்சிஜன் அளக்க அந்தத் தண்ணீர் உதவாது. மறுபடி இறக்கினார்கள். யாரும் திட்டவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. இரண்டாம் தடவை வந்த தண்ணீர் பூஜ்யத்துக்கும் கீழே, உப்பால் உறையாமல் இருந்தது. பிடித்த விரல் மரத்துப்போய், பேனா பிடிக்க வரவில்லை.

அன்றைக்கு, கம்பியை இறக்கி ஏற்றும் வின்ச் பக்கம் நின்ற மேஸ்திரி கம்பி சாய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். சாய்வு கூடினால் கம்பி கப்பலுக்கு அடியில் போய்விடும். எங்கள் தாத்தாவும் இப்படித்தான், கயிற்றில் கல்லைக் கட்டி விட்டு, சாய்வைப் பார்த்தே அடியில் நீரோட்டம் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார். அரைகுறை நார்வேஜியனில் இதைச் சொன்னேன். அவர் கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அப்போ உன்னை விட்டுட்டு அவரைக் கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்றார்.