மகன் சி மொழியோடு இருக்கிறார் என்று கவலைப்படும் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. கூடப் படிக்கும் பிள்ளைகள் வெப்சைட், செயலி என்று பழகி இன்டர்ன்ஷிப் தேடுகிறார்கள். மகன் மட்டும் வெள்ளவத்தை வீட்டில் இரவிரவாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தையும் சி என்ற புரோகிராம் மொழியையும் நோண்டிக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவரைத் தடுக்காதீர்கள்.

அவர் படிப்பது இதுதான். எந்தப் புரோகிராமும் திரையில் எழுதவோ கோப்பைத் திறக்கவோ இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னலிடம் கேட்க வேண்டும். அந்தக் கோரிக்கைக்கு சிஸ்டம் கால் என்று பெயர். லினக்ஸில் பெரும்பாலான புரோகிராம்கள் சி நூலகம், அதாவது முன்பே எழுதிவைத்த செயற்பாடுகளின் தொகுப்பு, வழியாகத்தான் கேட்கின்றன. எழுத்துகளை வெளியிடச் சொல்லும் பிரின்ட்எஃப் என்ற செயற்பாட்டை எழுதினால் நூலகம் அவற்றைத் தன் பஃபரில், அதாவது தற்காலிக நினைவிடத்தில், சேர்த்துவைத்து, பிறகு ரைட் என்ற சிஸ்டம் காலை அழைக்கும். பைதனில் எழுதினாலும் அடியில் சி நூலகம் இருக்கிறது.

வேலையில் இது எங்கே உதவும்? லினக்ஸில் பல வகைகள் உண்டு, அவற்றின் சி நூலகமும் வேறுபடும்: உபுண்டு என்ற வகையில் வழக்கமாக ஜிலிப்சி, அல்பைன் என்ற வகையில் மசல். உபுண்டுவில் உருவாக்கிய புரோகிராமை அல்பைன் கொன்டெய்னரில் (புரோகிராமைத் தனியாக ஓட்டும் பெட்டி போன்ற சூழலில்) ஓட்டினால், கோப்பு கண்முன்னே இருந்தும் 'அப்படியொரு கோப்பு இல்லை' என்று பிழை வரலாம். உண்மையில் இல்லாதது அந்தப் புரோகிராம் தேடும் ஜிலிப்சியின் லோடர், அதாவது புரோகிராமை நூலகத்தோடு சேர்த்துத் தொடக்கிவைக்கும் கோப்பு. இது தெரியாதவர் நாள் முழுக்கத் தேடுவார். மகன் போன்றவர் உடனே பிடித்துவிடுவார். சர்வர், கிளவுட், பாதுகாப்பு வேலைகளில் இப்படிப்பட்டவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் கொழும்பில் இன்டர்ன்ஷிப் விளம்பரம் 'சி நூலகம் தெரிந்தவர் தேவை' என்று வராது. அதனால் ஜாவா அல்லது பைதன், கொஞ்சம் டேட்டாபேஸ், இவற்றையும் அவர் விடக்கூடாது. அப்புறம், தெரிந்ததை வெளியில் காட்ட வேண்டும். ரீட், ரைட் என்ற இரண்டு சிஸ்டம் கால்களையும் வைத்து கோப்பைப் பிரதி எடுக்கும் சிறு புரோகிராம் எழுதி, பிழை வந்தால் எர்நோ என்ற பிழை எண்ணைப் பார்த்துச் சரியான செய்தி கொடுக்கும்படி செய்து, புரோகிராம்களை எல்லோரும் பார்க்கப் பகிரும் ஜிட்ஹப் தளத்தில் போடச் சொல்லுங்கள்.

இதற்காகக் காசு கட்டி கோர்ஸ் எதிலும் சேர்க்க வேண்டாம். லினக்ஸ் கையேட்டின் 2ஆம் பிரிவில் சிஸ்டம் கால்களும் 3ஆம் பிரிவில் நூலகச் செயற்பாடுகளும் இலவசமாகவே இருக்கின்றன.

நேர்முகத் தேர்வுக்கு முன் ஒரு விஷயத்தை அவர் எளிய மொழியில் விளக்கிப் பழகட்டும்: ஒரே புரோகிராமை, சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்ட்ரேஸ் என்ற கருவி வைத்துப் பார்த்தால், திரைக்கு எழுதும்போது வரிக்கொரு ரைட் வருகிறது, கோப்புக்குத் திருப்பினால் பல வரிகள் சேர்ந்து ஒரே ரைட்டாகப் போகின்றன, ஏன்? உங்களுக்கே புரியும்படி சொல்லிவிட்டாரென்றால் விண்ணப்பங்களை அனுப்பத் தொடங்கலாம்.