ஒரே சம்பளம், இரண்டு சாஃப்ட்வேர், இரண்டு விடை: எது சரி?

2025 ஆகஸ்டில் ஓசூரிலிருந்து ஒரு வாசகர் எழுதினார். அவர் கேட்டதைச் சுருக்கித் தருகிறேன்:

"2024 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் மாதம் 55,000 ரூபாய் சம்பளம். அக்டோபரிலிருந்து ஓசூரில் மாதம் 75,000. இரண்டு இடத்திலும் வரி பிடிக்கவில்லை, படிவம் 16 (ஆண்டுச் சம்பளம், வரி விவரச் சான்றிதழ்) மட்டும் கொடுத்தார்கள். ஃபிக்சட் டெபாசிட் வட்டி 42,000 என்று வங்கி காட்டுகிறது, அதில் 4,200 பிடித்திருக்கிறார்கள். சேமிப்புக் கணக்கு வட்டி 3,000. வருமான வரித் துறையின் இணையதளத்தில் போட்டால் 23,990 கட்டச் சொல்கிறது. நண்பர் சொன்ன தனியார் சாஃப்ட்வேரில் போட்டால் 4,200 ரீஃபண்ட் வரும் என்கிறது. 12 லட்சம் வரை வரியே இல்லை என்றுதானே பட்ஜெட்டில் சொன்னார்கள்? எதை நம்பித் தாக்கல் செய்வது?"

கூடவே இரண்டு கணக்கின் நகல்களையும் அனுப்பியிருந்தார். அவை இருந்ததால்தான் உறுதியாகப் பதில் சொல்ல முடிகிறது. இணையதளம் சொல்வதுதான் சரி. ஆனால் அந்தத் தனியார் சாஃப்ட்வேரிலும் தப்பு இல்லை. அதற்குள் போன எண்தான் தப்பு.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். இணையதளக் கணக்கில் சம்பளம் 7,80,000 என்று இருக்கிறது. ஆறு மாதம் 55,000, ஆறு மாதம் 75,000. கூட்டினால் சரியாக வருகிறது. தனியார் சாஃப்ட்வேர் கணக்கில் அதே இடத்தில் 6,30,000 இருக்கிறது. மீதி ஒன்றரை லட்சம் எங்கே போனது? உங்கள் படிவம் 16-ஐ எடுத்து, பகுதி பி-யைப் பாருங்கள். மேலே 17(1) பிரிவின் கீழ் மொத்தச் சம்பளம் 3,30,000 இருக்கும். கொஞ்சம் கீழே நிலையான கழிவு (சம்பளக்காரர்களுக்குச் செலவுக் கணக்குக் கேட்காமலே தரும் கழிவு) 75,000. அதற்கும் கீழே, "சம்பளம் என்ற தலைப்பில் வருமானம்" 2,55,000. ஓசூர் கம்பெனியின் படிவத்தில் அதேபோல் 4,50,000, 75,000, 3,75,000. நீங்கள் கீழே இருக்கும் எண்களை, 2,55,000-ஐயும் 3,75,000-ஐயும், எடுத்து மொத்தச் சம்பளம் என்ற கட்டத்தில் போட்டுவிட்டீர்கள். சாஃப்ட்வேர் அது கழிவுக்கு முந்தைய எண் என்று எடுத்துக்கொண்டு, தன் பங்குக்கு இன்னொரு 75,000-ஐக் கழித்தது. ஆக மொத்தம் மூன்று முறை கழித்தாகிவிட்டது. சட்டம் தருவது ஆளுக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, எத்தனை கம்பெனி மாறினாலும்.

இப்படிக் கழித்ததில் வரிக்குரிய வருமானம் 6,00,000-ஆக இறங்கி, 7 லட்சத்துக்குக் கீழே போய், முழுத் தள்ளுபடி கிடைத்து, வங்கி பிடித்த 4,200 திரும்பி வரும் என்று திரை சொல்கிறது. அந்த ரீஃபண்டை நம்பித் தாக்கல் செய்துவிடாதீர்கள். பணம் கணக்கில் வந்தே விட்டாலும் அது உங்களுடையது ஆகாது. இரண்டு கம்பெனிகளும் துறைக்குச் சம்பள விவரம் கொடுத்திருந்தால், ஒப்பிட்டுப் பார்த்து வட்டியோடு கேட்பார்கள். எந்த சாஃப்ட்வேராக இருந்தாலும், படிவம் 16-இல் மேலே இருக்கும் மொத்தச் சம்பளத்தைத்தான் போட வேண்டும். இரண்டு முதலாளி என்றால் "இன்னொரு முதலாளியைச் சேர்" என்ற பட்டனை அழுத்தித் தனித்தனியாகப் போடுங்கள். கழிவை அதுவே போட்டுக்கொள்ளும்.

இன்னொன்று. இணையதளத்தில் ஏற்கெனவே நிரப்பி வரும் விவரத்தை அப்படியே நம்பாதீர்கள். வரி பிடிக்காத கம்பெனியின் சம்பளம் அதில் வராமலே போகலாம். அது வராததால் உங்கள் வருமானம் குறைந்துவிடாது.

சரி, அந்த 12 லட்சம். 2025-இல் என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். 2025 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் அறிவித்தது 2025-26 நிதியாண்டில் சம்பாதிக்கும் பணத்துக்கு. அதற்கான கணக்கைத் தாக்கல் செய்வது 2026-இல்தான். 2025-இல் தாக்கல் செய்வது 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை சம்பாதித்ததற்கு. அதற்குப் புதிய முறையில் (விகிதமும் குறைவு, கழிவுகளும் குறைவு) விகிதம் இது: முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை, 3 முதல் 7 வரை 5 சதவீதம், 7 முதல் 10 வரை 10, 10 முதல் 12 வரை 15, 12 முதல் 15 வரை 20, அதற்கு மேல் 30. வரிக்குரிய வருமானம் 7 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடியில் வரி பூஜ்யமாகும்.

உங்கள் கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். சம்பளம் 7,80,000, வட்டி இரண்டும் சேர்த்து 45,000, ஆக 8,25,000. நிலையான கழிவு 75,000 போக 7,50,000. 3 முதல் 7 லட்சம் வரைக்கு 20,000, மிச்சம் 50,000-க்கு 5,000. வரி 25,000, அதன்மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி 1,000. வங்கி பிடித்த 4,200-ஐக் கழித்தால் 21,800.

அப்படியானால் 23,990 எப்படி வந்தது? மீதி வட்டி. பிடித்தம் போக வரி 10,000-ஐ எட்டினால் அதை ஆண்டுக்குள்ளேயே முன்வரியாகக் கட்டியிருக்க வேண்டும். கட்டாததற்கு 234பி பிரிவில் ஏப்ரலிலிருந்து மாதம் 1 சதவீதம், அதாவது 218 ரூபாய். ஆகஸ்ட் வரை ஐந்து மாதத்துக்கு 1,090. தவணைகளைத் தவறவிட்டதற்கு 234சி பிரிவில் 1,097. கூட்டினால் 23,987, பத்து ரூபாய்க்கு முழுமையாக்கி 23,990. திரையில் பெரிய எண்ணைப் பார்த்ததும் பதறாமல், இப்படி ஒரு தாளில் ஐந்து நிமிடம் போட்டுப் பாருங்கள் என்று வருகிற எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். சாஃப்ட்வேர் கூட்டலில் தவறாது. நாம் என்ன கொடுத்தோம் என்பது அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இரண்டு கம்பெனியும் ஏன் வரி பிடிக்கவில்லை? கோவையில் ஆண்டுக்கு 6,60,000 என்று கணித்தார்கள், தள்ளுபடிக்குள் வந்துவிட்டது. ஓசூரில் ஆறு மாதத்துக்கு 4,50,000 மட்டும் பார்த்தார்கள், அதுவும் உள்ளே வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவர்களுக்கு வழியில்லை. அந்த வழி நம் கையில்தான் இருக்கிறது. வேலை மாறினால் புதிய கம்பெனியில் சேர்ந்த முதல் மாதமே (2025-இல் இதற்குப் படிவம் 12பி) பழைய சம்பளத்தையும் பிடித்த வரியையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துவிடுவார்கள், இந்த 2,187 ரூபாய் வட்டியும் வந்திருக்காது. எச்ஆரில் கேட்காவிட்டாலும் நீங்களாகக் கொடுங்கள்.

அப்புறம் டெபாசிட் வட்டி. "அது ஐந்து வருட டெபாசிட், ஒரு பைசா கைக்கு வரவில்லை, எடுத்துவிட்டால் வரி குறைகிறதே" என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். எடுக்காதீர்கள். வட்டி ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டு வருகிறது. வங்கியும் ஆண்டுதோறும் அதைத் துறைக்குத் தெரிவித்து வரியும் பிடிக்கிறது. உங்கள் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையில் 42,000 தெளிவாக இருக்கும். பிடித்த 4,200-ஐ மட்டும் கேட்டு, அது எந்த வட்டிக்காகப் பிடித்தார்களோ அதைக் காட்டாமல் விட்டால் கணக்கு நிற்காது. ஐந்து வருட வட்டியையும் முதிர்வில் ஒரே ஆண்டில் காட்டினால் மேல் விகிதத்தில் போய் மாட்டவும் வாய்ப்பு உண்டு. ஆண்டுக்காண்டு காட்டுவதே உங்களுக்கு நல்லது.

ஏஐஎஸ்ஸில் உண்மையிலேயே தவறு இருந்தால் அது வேறு விஷயம். ஒரே வட்டி இரண்டு முறை பதிவாகியிருக்கலாம், வேறு ஆண்டின் தொகை வந்திருக்கலாம். அந்த வரியைத் தொட்டு அங்கேயே மறுப்புப் பதிவு செய்ய முடியும். வங்கியின் வட்டிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். வரிப் பிடித்தத்தைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் பிடித்த வரி ஏறியிருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பழைய முறைக்கு மாறினால் வரி குறையுமா என்றும் கேட்டீர்கள். 80சி-யில் (பிஎஃப், எல்ஐசி போன்ற சேமிப்புக்கான கழிவு) 1,20,000, மருத்துவக் காப்பீடு 18,000 என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய முறையில் நிலையான கழிவு 50,000, சேமிப்புக் கணக்கு வட்டிக்கு 80டிடிஏ-யில் 3,000. எல்லாம் சேர்த்து 1,91,000. வருமானம் 6,34,000, வரி செஸ்ஸோடு 40,872. புதிய முறையில் 26,000. உங்கள் வருமானத்துக்குக் கழிவுகள் 2,62,500-ஐத் தாண்டினால்தான் பழைய முறை லாபம். ஓசூரில் வீட்டு வாடகை கட்டி, சம்பளத்தில் எச்ஆர்ஏ என்ற வீட்டு வாடகைப் படியும் இருந்தால் அதைச் சேர்த்துப் பாருங்கள். ஆனால் 2,62,500-ஐ எட்ட இன்னும் 71,500 வேண்டும். ஆறு மாத வாடகையில் அதை எட்டுவது கடினம். புதிய முறையிலேயே இருங்கள். இப்போது அதுதான் இயல்பாக வரும் முறை, எதையும் மாற்ற வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பழைய முறைதான் லாபம் என்றால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். தாமதித்தால் அந்த வாய்ப்பே போய்விடும்.

மியூச்சுவல் ஃபண்டை விற்று 11,000 லாபம் வந்ததற்காக, எளிய ஐடிஆர்-1 படிவத்துக்குப் பதில் ஐடிஆர்-2 போட வேண்டுமா என்பதற்குச் சுருக்கமாகப் பதில்: ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு சார்ந்த ஃபண்ட் என்றால் வேண்டாம். 2025 முதல் அப்படிப்பட்ட நீண்டகால லாபம் 1,25,000 வரை ஐடிஆர்-1-லேயே காட்டலாம், அதற்கு வரியும் இல்லை. ஓராண்டுக்குள் விற்றிருந்தால் ஐடிஆர்-2தான்.

இனி பணம் கட்டும் இடம். பலர் தடுமாறுவது இங்கேதான். இணையதளத்தில் "இ-பே டாக்ஸ்" திறந்தால் முதலில் ஆண்டைக் கேட்கும். மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2024-25-இல் சம்பாதித்ததற்கு அதுதான். அடுத்து வரியின் வகை: 100 என்பது முன்வரி, 300 என்பது சுய மதிப்பீட்டு வரி, அதாவது தாக்கல் செய்யும்போது நாமே கணக்கிட்டுக் கட்டும் பாக்கி. உங்களுக்கு 300. தவறி 2026-27-ஐ அழுத்திவிட்டால் பணம் அடுத்த ஆண்டுக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும், இந்த ஆண்டு பாக்கி அப்படியே நிற்கும். அதைத் திருத்த வழி உண்டு, ஆனால் ஆண்டை மாற்ற ஏழு நாள்தான் அவகாசம். கட்டியதும் ரசீதில் வங்கிக் கிளையின் 7 இலக்க பிஎஸ்ஆர் எண், தேதி, 5 இலக்கச் சலான் எண் இருக்கும். அந்த மூன்றையும் படிவத்தின் "கட்டிய வரி" பகுதியில் சேர்த்து, பாக்கி பூஜ்யம் என்று வந்த பிறகு சமர்ப்பியுங்கள்.

சமர்ப்பித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். போன ஆண்டு ஒரு செவிலியர் என்னிடம் வந்தார். கைபேசியில் பச்சை டிக் போட்ட படத்தை ஜூலையிலிருந்து பத்திரமாக வைத்திருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் டிக்குக்குக் கீழே சின்ன எழுத்தில், பிறகு சரிபார்ப்பதாக (கணக்கு தன்னுடையதுதான் என்று ஓடிபி மூலம் உறுதி செய்வதாக) அவர் தேர்ந்தெடுத்தது தெரிந்தது. இரவுப் பணிக்குக் கிளம்பும் அவசரத்தில் அப்படி அழுத்தியிருக்கிறார். நான்கு மாதம் கழித்துச் சரிபார்த்தபோது அந்தத் தேதியையே தாக்கல் தேதியாக எடுத்துக்கொண்டார்கள். தாமதக் கட்டணம் 5,000 கட்ட வேண்டியதாகிவிட்டது. முழுக்க நேர்மையாகக் கணக்குப் போட்டவர் அவர், எனக்கு மனசு கேட்கவே இல்லை. சமர்ப்பித்த 30 நாளுக்குள் சரிபார்த்தால்தான் தாக்கல் செய்ததாக அர்த்தம். ஆதாரோடு இணைந்த கைபேசி கையில் இருக்கும்போதே உட்காருங்கள், ஓடிபி வந்தவுடன் போட்டு முடித்துவிடுங்கள். தனியார் சாஃப்ட்வேர் வழியாகச் செய்தாலும் கடைசியில் இணையதளத்துக்குள் போய், சரிபார்த்தாகிவிட்டது என்று காட்டுகிறதா எனப் பாருங்கள்.

அந்த 4,200 ரீஃபண்ட் கணக்கை ஒருவேளை ஏற்கெனவே சமர்ப்பித்துவிட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். 2025 டிசம்பர் 31 வரை திருத்திய கணக்கு தாக்கல் செய்யலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. பாக்கி வரியைக் கட்டிவிட்டுத் திருத்தித் தாக்கல் செய்யுங்கள்.

2025-இல் கெடுவை செப்டம்பர் 15 வரை நீட்டித்திருந்தார்கள், பிறகு 16 ஆக்கினார்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆகஸ்ட் 31-க்குள் பணத்தைக் கட்டினால் 23,990. செப்டம்பர் 1-ஆம் தேதி ஆகிவிட்டால் இன்னொரு மாத வட்டி சேர்ந்து 218 ரூபாய் கூடிவிடும்.