உப்புத்தோல் வெட்டும் மடக்குக் கத்தி இறுகினால்

நண்பரே, பேரணாம்பட்டில் உப்புத்தோல் (கெடாமலிருக்க உப்பிட்ட பச்சைத் தோல்) ஓரம் வெட்டும் மடக்குக் கத்தி இறுகிவிட்டது, தேங்காய் எண்ணெய் விட்டும் பயனில்லை என்று எழுதியிருந்தீர்கள். எண்ணெயை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உள்ளே இருப்பது உப்பு. அது எண்ணெயிலும் கரையாது, மண்ணெண்ணெயிலும் கரையாது, தண்ணீரில்தான் கரையும். சோப்பு போட்ட வெந்நீரில் கத்தியைத் திறந்தபடி அரை மணி நேரம் ஊறவிட்டு, பழைய பல் பிரஷ்ஷால் மூட்டைத் தேயுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் அதோடு போகும். நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயவையுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு அதிக நேரம் பிடிக்காது. அப்புறம் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. கூடுதலாக விட்டால் தூசிதான் சேரும்.

இன்னும் இறுக்கமா? மூட்டுத் திருகைக் கால் சுற்று தளர்த்துங்கள். பெரும்பாலும் டி6 அல்லது டி8 அளவு டார்க்ஸ் பிட் (நட்சத்திர முனை உள்ளது) தேவைப்படும். தட்டை ஸ்க்ரூடிரைவரைத் திணித்தால் திருகுத் தலை தேய்ந்துவிடும்.

ஸ்டெயின்லெஸ்ஸில் ஏன் துருப் புள்ளி என்றால், உப்பின் குளோரைடு அதன் காப்புப் படலத்தையும் துளைக்கும்.

புதிதாக வாங்கினால் பட்டனை அழுத்தித் திறப்பதா, அலகிலுள்ள குமிழைக் கட்டைவிரலால் தள்ளித் திறப்பதா என்று கேட்டீர்கள். பட்டனை அழுத்தினால் ஸ்பிரிங்கில் திறப்பது வேண்டாம், உப்பு அங்கேதான் முதலில் வேலையைக் காட்டும். குமிழும் லைனர் லாக்கும் (திறந்த அலகு மடங்காமல் உள்தகடு தாங்கும் பூட்டு) போதும். பூட்டே இல்லாதது அழுத்தும்போது விரல் மேல் மடங்கும். என்னைக் கேட்டால், இந்த வேலைக்கு மடங்காத கத்திதான் சரி. பிளாஸ்டிக் கைப்பிடியாகப் பாருங்கள், மரப்பிடி உப்புநீரை உறிஞ்சும்.